ஸ்பெயினைச் சஹாராவிலிருந்து காலி பண்ண வைப்பது எப்படி? மாதிரிப் பேச்சுவார்த்தை நடத்தப் போகிறவர்களுக்கு

முதல் தடவை நடத்தியபோது காலை பத்தேகாலுக்கு ஆரம்பித்தோம். பதினொன்று பத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்பெயின் அணியில் இருந்த பையன் எழுந்து, "இன்னாத்துக்குக்கா இவ்ளோ பேச்சு, நாங்க நாளைக்கே கெளம்பறோம்" என்றான். மொராக்கோ அணி மேசையைத் தட்டிக் கொண்டாடியது. சாப்பாடு ஒரு மணிக்குத்தான் வரும். இருபத்து நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மிச்ச நேரத்தை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். நல்லவேளை, படிப்பகத்தில் கேரம் போர்டு இருந்தது.

தண்டையார்பேட்டையில் ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன். பிளஸ் ஒன் முதல் கல்லூரி முதலாண்டு வரை படிக்கிற பிள்ளைகள். ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு காலனி அரசு தன் பிடியில் உள்ள நிலத்தைவிட்டுப் படிப்படியாக வெளியேறும் திட்டத்தை அவர்களையே பேசிப் போடச் சொல்லுகிறோம். நான்கு முறை ஆகிவிட்டது. முதல் இரண்டும் சொதப்பல். ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ திருவொற்றியூரிலோ இதை நடத்த நினைக்கிறீர்கள் என்றால், அந்தச் சொதப்பலை நீங்களும் பட வேண்டாம்.

1. தொடங்கும் தேதியைப் பின்னால் தள்ளுங்கள்

நிலம் எது என்று ரொம்ப யோசிக்காதீர்கள். ஸ்பானிய சஹாராவை எடுங்கள், ஸ்பெயின் காலனியாக வைத்திருந்த இடம், இன்று மேற்கு சஹாரா என்கிறார்கள். பாலஸ்தீனம் என்றால் கதவைத் திறக்கும்போதே அறை இரண்டாகப் பிரிந்திருக்கும். கோவா, புதுச்சேரி என்றால் முடிவு எல்லோருக்கும் தெரியும். ஸ்பானிய சஹாரா எங்கே இருக்கிறது என்றுகூட நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதுதான் வசதி. சுமார் 2,66,000 சதுர கிலோமீட்டர் பாலைவனம். வடக்கே மொராக்கோ, தெற்கேயும் கிழக்கேயும் மொரித்தானியா, ஒரு மூலையில் அல்ஜீரியா, மேற்கே அட்லாண்டிக் கடல்.

எல்லோரும் செய்கிற தப்பு, கதையை 1975 நவம்பரில் தொடங்குவது. அந்த மாதம் 6-ஆம் தேதி மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் மூன்றரை லட்சம் பேரைத் திரட்டிய 'பசுமைப் பேரணி' எல்லையைத் தாண்டியது. மாட்ரிட்டில் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ சாகக் கிடந்தார். அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் ஸ்பெயினுக்கு ஓடுவதைத் தவிர வேறு வழி இல்லை. என் பையன் செய்ததும் அதைத்தான், அவன்மேல் குற்றம் இல்லை.

1974 ஆகஸ்டில் தொடங்குங்கள். அடுத்த ஆண்டின் முதல் பாதியில் மக்கள் வாக்கெடுப்பு நடத்துவதாக ஸ்பெயின் அறிவித்த மாதம் அது. அங்கிருந்து 1976 பிப்ரவரி வரை பதினெட்டு மாதம். ஆறு சுற்று, சுற்றுக்கு மூன்று மாதம், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்று வைத்தால் சாப்பாட்டு இடைவேளையோடு ஒரு நாளுக்குச் சரியாக வரும்.

2. ஆவணக் கட்டு தயாரியுங்கள் (மூன்று வாரம் முன்பே)

காலையில் தருகிற கட்டில் இவை போதும்: ஒரு வரைபடம், 1974-இல் ஸ்பெயின் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின் சுருக்கம், காலனி ஆட்சியை முடித்துக்கொள்ளச் சொல்லி ஐ.நா. பொதுச்சபை 1965-இல் போட்ட 2072-ஆம் தீர்மானம், இரண்டு பக்கத்தில் ஊர் அறிமுகம்.

இன்னும் மூன்று தாள்களைத் தனித்தனிக் கவரில் ஒட்டி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1975 மே, ஜூனில் போன ஐ.நா. பார்வைக் குழுவின் அறிக்கைச் சுருக்கம். அக்டோபர் 16 அன்று சர்வதேச நீதிமன்றம் சொன்ன ஆலோசனைக் கருத்து. நவம்பர் 14 அன்று மொராக்கோ, மொரித்தானியாவோடு ஸ்பெயின் போட்ட மாட்ரிட் உடன்பாடு. இவற்றைக் காலையிலேயே கொடுத்துவிட்டால், பரீட்சைக்கு முன்னால் விடைத்தாளைக் கொடுத்த மாதிரிதான். இரண்டாம் தடவை நான் செய்த சொதப்பல் இது.

எல்லாம் ஐ.நா., நீதிமன்ற இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கும். தமிழில் இல்லை. ஒவ்வொன்றையும் ஒரு பக்கத் தமிழாக நீங்களே எழுத வேண்டும், எனக்கு இரண்டு வாரம் இரவுகள் போனது. நீதிமன்றக் கருத்து நீளமானது. முழுதும் படிக்க நேரம் இல்லையென்றால் 162-ஆம் பத்தியைப் பிடியுங்கள். மொராக்கோ சுல்தானுக்கும் அங்கிருந்த சில குலங்களுக்கும் விசுவாச உறவு இருந்தது, ஆனால் நிலத்தின்மீது இறையாண்மை இருந்ததாக நிறுவப்படவில்லை, ஆகவே மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவு செய்யும் உரிமையை இந்த உறவு பாதிக்காது என்று அதில் இருக்கிறது. இந்த 'ஆனால்' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் அடியுங்கள். மொராக்கோ அணி முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டு உட்காரப் பார்க்கும். மன்னர் ஹசனும் அதே நாளில் அதைத்தான் செய்தார். கருத்து வந்த நாளிலேயே பேரணியை அறிவித்தார்.

ஊர்ப் பெயர்களை ஒரே மாதிரி எழுதுங்கள். நான் தலைநகரை ஒரு தாளில் 'எல் அயூன்' என்றும் இன்னொன்றில் 'லாயூன்' என்றும் எழுதிவிட்டேன். ஸ்பெயின் அணி இரண்டு ஊர் என்று நினைத்து இரண்டு இடத்திலும் படையை நிறுத்தியது. மூன்றாம் சுற்றில்தான் கண்டுபிடித்தோம்.

3. அணி பிரிப்பது

ஸ்பெயினுக்கு ஆறு பேர். அதற்குள்ளேயே இரண்டிரண்டு பேராகப் படை, வெளியுறவு, அங்கே உரத்துக்கான பாஸ்பேட்டைத் தோண்டும் நிறுவனம் என்று பிரித்துவிடுங்கள். மூன்று ஜோடிக்கும் மூன்று கவலை. போகிற தேதி பற்றி அவர்களுக்குள்ளேயே சண்டை வராவிட்டால் விளையாட்டு சூடு பிடிக்காது. மொராக்கோவுக்கு ஐந்து, அல்ஜீரியாவுக்கு நான்கு, மொரித்தானியாவுக்கு மூன்று.

அந்த மண்ணின் மக்களான சஹ்ராவிகளுக்கு ஆறு பேர். அவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்காதீர்கள். மூன்று பேர் ஜெமா, அதாவது ஸ்பெயின் 1967-இல் அமைத்த குலத் தலைவர்களின் சபை. மூன்று பேர் பொலிசாரியோ, 1973 மே மாதம் தொடங்கிய விடுதலை இயக்கம். 'உள்ளூர் மக்களின் கருத்து' என்று எல்லோரும் சொல்லுவார்கள். யாருடைய வாயால் சொல்லுகிறார்கள் என்பதை இந்த இரண்டு மேசை காட்டிக்கொடுக்கும்.

மொரித்தானியா சின்ன அணிதானே என்று பேசாத பிள்ளைகளைத் தள்ளிவிடும் ஆசை வரும். வேண்டாம், கூர்மையான ஆளைப் போடுங்கள். போன வருடம் இருந்த பெண் முதல் சுற்றிலேயே பாலைவனத்தின் தென்பாதியைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு இது கட்டுப்படி ஆகாதுக்கா" என்றாள். நிஜத்தில் மொரித்தானியா தெற்குப் பங்கை வாங்கி, பொலிசாரியோவோடு போராடி, 1979 ஆகஸ்டில் கையைக் கழுவியது.

ஐ.நா.வாக நீங்கள் இருங்கள். துணைக்கு நேரம் பார்க்க ஒருவர் வேண்டும்.

4. பட்டியலில் யார் பெயர்? இதை முதல் சுற்றிலேயே எடுங்கள்

பிள்ளைகளைக் கேட்டால் முதலில் படை, அப்புறம் கொடி, அப்புறம் தேர்தல் என்பார்கள். வாக்காளர் பட்டியல் என்று ஒன்று வேண்டுமே என்பது கடைசியில்தான் ஞாபகம் வரும். நீங்கள் முதல் சுற்றிலேயே அதை மேசையில் வைக்க வேண்டும். இந்த ஒரு படிக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

1974 கணக்கில் சஹ்ராவிகள் 73,497 பேர். மேய்ச்சலுக்கு மழை தேடிப் போகிறவர்கள் கணக்கெடுப்பு நாளில் எந்தப் பக்கம் இருந்தார்கள்? முன்பே மொராக்கோவுக்கு ஓடிப்போன குடும்பங்கள் சேருமா? பாஸ்பேட் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தவர்கள்? அப்பா அந்தக் குலம், பிள்ளை பிறந்தது வேறு நாட்டில் என்றால்?

இந்தக் கேள்விகளைப் பேசிக்கொண்டிருந்தபோது வியாசர்பாடிப் பையன் ஒருவன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். அவன் பாட்டி 1960-களில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர். கவருக்குள் அகதிச் சான்று, மடிப்பு விழுந்த இடமெல்லாம் செல்லோடேப். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்த மடிப்பில் எந்த முத்திரை என்று தெரியுமாம். அதைப் பார்த்த பிறகு ஜெமா மேசை கேட்ட கேள்வி: "கூடாரத்துல இருக்கறவங்க கிட்ட பேப்பர் ஏதுக்கா?" அதன்பிறகு எழுத்துச் சான்று, குலப் பெரியவரின் வாய்ச் சாட்சி, இரண்டுக்கும் எவ்வளவு மதிப்பு என்று நாற்பது நிமிடம் பேசினார்கள். நான் வாயே திறக்கவில்லை.

உங்கள் ஏரியாவிலும் இப்படி ஒரு தாள் எந்த வீட்டுப் பீரோவிலாவது இருக்கும். முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அசலை வாங்காதீர்கள், காட்டச் சொன்னால் போதும்.

நிஜக் கதையில் இந்தப் பட்டியல் என்ன பாடு பட்டது என்பதைக் கடைசிவரை சொல்லாதீர்கள். படி 9-இல் வரும்.

5. காலி பண்ணும் வரிசை

நம் பிள்ளைகளில் பாதிப் பேர் வாடகை வீடு மாறிப் பழகியவர்கள். அந்த வழியில் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். சாவியைக் கொடுக்கும் முன் அட்வான்ஸ் கணக்கு, ஈபி பில், தண்ணீர் பாக்கி, கேஸ் முகவரி மாற்றம் எல்லாம் முடிக்க வேண்டும். யாரிடம் சாவி கொடுப்பது என்று முடிவு செய்யாமல் லாரியைக் கூப்பிட்டால் சாமான் தெருவில் நிற்கும்.

அஞ்சலட்டை அளவில் சீட்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை: உள்பாலைவனக் காவல் நிலைகள், நீதிமன்றம், பணம், ஆஸ்பத்திரி, வானொலி, உள்ளூர்ப் படை வீரர்களின் சம்பளமும் பென்ஷனும், மீன்பிடி உரிமை, புக்ரா பாஸ்பேட் சுரங்கம், குடியுரிமை, கல்லறை. ஸ்பெயின் அணி இவற்றை ஆறு சுற்றில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் 'யாரிடம் ஒப்படைப்பு' என்று ஒரு கோடு. அது காலியாக இருந்தால் சீட்டு செல்லாது. 'நாளைக்கே கெளம்பறோம்' என்கிற பேச்சை நிறுத்தியது இந்தக் கோடுதான்.

கல்லறைச் சீட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள், விட்டுவிடுங்கள். ஸ்பெயின் கடைசியில் தன் குடிமக்களை அவசரமாக வெளியேற்றியபோது புதைத்த உடல்களைக்கூடத் தோண்டி எடுத்துக்கொண்டு போனது. அதைச் சொன்னதும் அறை அமைதியாகிவிடும்.

பாஸ்பேட் சீட்டில் நேரம் செலவிடுங்கள். மணலி உரத் தொழிற்சாலையில் அப்பா வேலை பார்க்கிற பிள்ளை ஒன்றாவது உங்களிடம் இருக்கும், பாஸ்பேட் எதற்கு என்று அதையே விளக்கச் சொல்லுங்கள். புக்ராவிலிருந்து கடற்கரைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் கன்வேயர் பெல்ட். நம் ஊரிலிருந்து கிட்டத்தட்ட மேல்மருவத்தூர் போகும் தூரத்துக்கு ஒரே பெல்ட் என்று சொன்னால் வாயைப் பிளப்பார்கள். படையை நகரங்களுக்குள் இழுத்துக்கொள்ளும் சுற்றில் பெல்ட்டைக் காப்பது யார் என்று ஸ்பெயின் அணி யோசிக்காது. பொலிசாரியோ மேசை யோசிக்கும். நிஜத்திலும் பின்னாளில் அதைத் தாக்கி ஏற்றுமதியை நிறுத்தினார்கள். அந்த நிறுவனத்தில் 35 சதவீதப் பங்கை ஸ்பெயின் தன்னிடமே வைத்துக்கொண்டது என்பதையும் சொல்லுங்கள்.

மீன்பிடிச் சீட்டுக்குக் காசிமேட்டுப் பிள்ளைகள் போதும், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். மாட்ரிட் உடன்பாட்டில் மீனுக்கும் பாஸ்பேட்டுக்கும் வெளியிடாத இணைப்புகள் இருந்தன என்று மட்டும் காதில் போடுங்கள்.

குடியுரிமைச் சீட்டை யாரும் மதிப்பதில்லை. பக்கத்து உதாரணம் சொல்லுங்கள். புதுச்சேரி 1954 நவம்பர் 1-இல் நடைமுறையில் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி நம்முடையதானது. அங்கே பிறந்து குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. ஸ்பெயின் 1976 பிப்ரவரியில் கிளம்பிவிட்டு, ஆகஸ்டில் ஓர் ஆணை போட்டு, தன் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கச் சஹ்ராவிகளுக்கு ஓராண்டு கொடுத்தது. அதற்குள் ஏராளமான மக்கள் அல்ஜீரியாவில் டிண்டூஃப் பக்கம் அகதி முகாமில். விண்ணப்பம் எங்கே போய்க் கொடுப்பது? வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

6. இடமும் செலவும்

கல்யாண மண்டபம் பக்கம் போகாதீர்கள். படிப்பகம், நலச்சங்கக் கட்டடம், டியூஷன் சென்டர் மாடி போதும். ஆறு மேசை, தனியாகப் பேச ஒரு மொட்டை மாடி அல்லது தாழ்வாரம். ரகசியப் பேச்சுக்கு இடம் இல்லையென்றால் மாட்ரிட் மாதிரி எதுவும் நடக்காது. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சங்கத்தில் வாயால் சரி என்றார்கள். காலையில் போனால் அங்கே மஞ்சள் நீராட்டு விழா. ஸ்பானிய சஹாராவை ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நடத்தினோம்.

இருபத்து நாலு பேர், நாங்கள் இருவர். போன முறை ஆன செலவு: ஜெராக்ஸ் ஆறு கட்டு, கட்டுக்கு 28 பக்கம், பக்கம் ஒன்றரை ரூபாய், 252. பெரிய வரைபடம் ஆறு, 120. இடத்துக்குக் கரண்ட், கூட்டிப் பெருக்க எல்லாம் சேர்த்து 1,000. டீ இரண்டு வேளை 624. சாப்பாடு தலைக்கு 60 என்று 1,560. சார்ட், ஸ்கெட்ச், கோந்து 180. மொத்தம் 3,736 ரூபாய். பிரியாணி என்று ஆரம்பித்தால் கணக்கு எகிறும், மதியச் சுற்றில் எல்லோரும் தூங்கியும் விடுவார்கள். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் போதும். முடிந்த பிறகு சொந்தக் காசில் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கித் தந்தேன், அது கணக்கில் இல்லை.

7. எந்த ஞாயிறு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, நினைக்கவே வேண்டாம். ஜனவரியிலிருந்து பிளஸ் டூ பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கடலோர வீடுகளில் கையில் காசு இருக்காது, பெரிய பையன்கள் கிடைத்த வேலைக்குப் போய்விடுவார்கள். தடை முடிந்த முதல் இரண்டு வாரம் துறைமுகத்தில்தான் கிடப்பார்கள். ஆடி பிறந்துவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் தெருவுக்கு ஒரு கூழ், கூழுக்கு ஒரு ஒலிபெருக்கி. எல்.ஆர். ஈஸ்வரி குரலுக்கு மேலே ஐ.நா. தீர்மானம் வாசிக்க முடியாது. ஆக மிஞ்சுவது ஜூலை முதல் இரண்டு ஞாயிறு.

ஒன்பதரைக்கு என்று சொல்லி, பத்தேகாலுக்குத் தொடங்குங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக்கிடந்தது என்று நான்கு பேராவது சொல்லுவார்கள். பொய் இல்லை.

8. நடுவில் போடும் கவர்கள்

இரண்டாம் சுற்று நடுவில்: 1974 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை விஷயத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பி, வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கச் சொன்னது. ஸ்பெயின் போட்ட கால அட்டவணை அங்கேயே உடையும், உடையட்டும்.

நான்காம் சுற்று: பார்வைக் குழு போன இடமெல்லாம் மக்கள் பெருவாரியாகச் சுதந்திரம் கேட்டார்கள். அறிக்கை அக்டோபரில்தான் வெளிவந்தது, ஆனால் நான் கொஞ்சம் முந்தியே பொலிசாரியோவுக்கு மட்டும் கசியவிடுவேன். இது சரித்திரப்படி சரியில்லை. சுவாரசியத்துக்காகச் செய்கிறேன், நீங்கள் விட்டுவிடலாம்.

ஐந்தாம் சுற்று: நீதிமன்றக் கருத்தும் பேரணி அறிவிப்பும் ஒரே கவரில்.

ஆறாம் சுற்று: நவம்பர் 28-இல் ஜெமா உறுப்பினர்களில் பெரும்பாலோர் கூடிச் சபையைக் கலைத்துவிட்டோம், இனி பொலிசாரியோதான் என்று அறிவித்தார்கள். அந்த மூன்று பேரை எழுந்து மற்ற மேசைக்குப் போகச் சொல்லுங்கள். சாவியை ஜெமாவிடம் கொடுப்பதாக எழுதிய ஸ்பெயினின் முகத்தைப் பாருங்கள்.

9. கடைசி முக்கால் மணி நேரம்

மாட்ரிட் கவரைப் பிரியுங்கள். ஸ்பெயின், மொராக்கோ, மொரித்தானியா மூன்று நாடுகள் மட்டும் உட்கார்ந்து, நிர்வாகத்தைப் பகிர்ந்துகொண்டு, 1976 பிப்ரவரி 28-க்குள் ஸ்பெயின் கிளம்பும் என்று எழுதினார்கள். 26-ஆம் தேதியே கிளம்பினார்கள். மறுநாள் பொலிசாரியோ குடியரசு அறிவித்தது. 2002-இல் ஐ.நா. சட்டப்பிரிவு, அந்த உடன்பாட்டால் இறையாண்மை யாருக்கும் கைமாறவில்லை என்று கருத்துச் சொன்னது.

அப்புறம் பட்டியல் கதை. 1991-இல் போர்நிறுத்தம், வாக்கெடுப்பு நடத்த ஐ.நா. குழு. ஆட்களை அடையாளம் காணவே பல ஆண்டு ஓடி, 2000 தொடக்கத்தில் தகுதியானவர்கள் 86,386 பேர் என்று வந்தது. விடுபட்டவர்கள் போட்ட மேல்முறையீடு ஒரு லட்சத்துக்கும் மேல். வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை.

மதிப்பெண் போடாதீர்கள், வெற்றி அணி என்றும் அறிவிக்காதீர்கள். ஸ்பெயின் அணியின் சீட்டுகளைச் சுவரில் ஒட்டி, 'யாரிடம் ஒப்படைப்பு' கோட்டில் எழுதிய பெயர் ஆறாம் சுற்றிலும் உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். போன முறை பத்தில் நான்கு தேறியது. ஆஸ்பத்திரி அதில் ஒன்று, செஞ்சிலுவைச் சங்கத்திடம் கொடுத்திருந்தார்கள். எனக்குத் தோன்றியதே இல்லை.

கலைவதற்கு முன் கட்டுகளைத் திருப்பி வாங்கி எண்ணுங்கள். வரைபடம் ஒன்று எப்போதும் குறையும், அடுத்த முறைக்கு ஏழாக அடித்துவிடுங்கள்.